குழந்தைக்குக் காத்திருக்கும் ஆண்கள் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடும் முன் இதைப் படியுங்கள்

என் தம்பிக்கு நடந்ததை அவன் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவனுக்கு வயது 29, சென்னையில் ஐடி வேலை. அமெரிக்க டீமோடு கால் பேசி முடித்துப் படுக்க நடுராத்திரி தாண்டிவிடும். எப்போதும் அசதி, எடையும் ஏறிவிட்டது, தாம்பத்தியத்தில் நாட்டம் குறைந்துவிட்டது. கல்யாணமாகி குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்த நேரம். விளம்பரம் பார்த்து ஆண்களுக்கான தனியார் கிளினிக் ஒன்றுக்குப் போனான்.

சாயங்காலம் ரத்தம் எடுத்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் டெசிலிட்டருக்கு 270 நானோகிராம் என்று ரிப்போர்ட் வந்ததும், "உங்களுக்கு ஹார்மோன் ரொம்பக் கம்மி சார், ஊசி போட்டா மூணே மாசத்துல ஆளே மாறிடுவீங்க" என்று பேக்கேஜ் பணம் முழுவதையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். குழந்தை வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பில்லில் "வெல்னஸ் பேக்கேஜ்" என்று மட்டும் இருந்தது, மருந்தின் பெயரே கிடையாது.

முதலில் நல்ல தெம்பாகத்தான் இருந்தான். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சில மாதம் கழித்து, குழந்தைக்காகப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா விந்துப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். விந்தணு எண்ணிக்கை பூஜ்யம். அந்தத் தாளைப் பார்த்து என் தம்பி மனைவி அழுத அழுகையை என்னால் மறக்க முடியாது.

பிறகு நாளமில்லாச் சுரப்பி நிபுணர் ஒருவரிடம் போனோம். பழைய ரிப்போர்ட்டின் மூலையில் ரத்தம் எடுத்த நேரம் மாலை 5.40 என்று அச்சாகியிருந்தது. அவர் பேனாவால் அதைச் சுழித்துவிட்டு, "இதை வெச்சா தம்பி ஊசி போட்டாங்க?" என்று கேட்டார். இளைஞர்களுக்கு இந்த ஹார்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும், மாலையில் இறங்கிவிடும். காலையில், அதுவும் இரண்டு வெவ்வேறு நாட்களில் பார்த்து, இரண்டுமே குறைவாக இருந்தால்தான் குறைபாடு என்று சொல்வார்கள். அமெரிக்க யூராலஜி சங்கம் 300-ஐ எல்லையாக வைத்திருப்பதும் அப்படி எடுத்த அளவுக்குத்தான். குறைவு உறுதியானால் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், புரோலாக்டின் என்ற பிட்யூட்டரி ஹார்மோன்களைப் பார்த்துக் கோளாறு விரையிலா, மூளையடிப் பிட்யூட்டரி சுரப்பியிலா என்று கண்டுபிடிக்க வேண்டும். அவனுக்கு இவை எதையும் பார்க்கவில்லை. தூக்கக் குறைவும் உடல் பருமனும் இந்த அளவை இறக்கும் என்பதால் முதலில் கேட்டிருக்க வேண்டியது அவன் எப்போது தூங்குகிறான் என்பதை. ஊசி போட்டுவிட்டதால், அவனுக்கு உண்மையிலேயே குறைபாடு இருந்ததா என்பதைக்கூட இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார் நிபுணர். எனக்கு வயிறெரிந்தது அங்கேதான்.

விந்தணு ஏன் நின்றது என்பதையும் பொறுமையாகச் சொன்னார். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், போதுமான அளவு இருக்கிறது என்று மூளை விரைகளுக்கு அனுப்பும் சமிக்ஞையை நிறுத்திவிடும். விரைக்குள் ஹார்மோன் உற்பத்தி விழுந்து விந்தணு உருவாவதும் நின்றுபோகும். வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்து 1990-ல் முடிவு வெளியிட்டிருக்கிறது. அதே ஹார்மோனைக் குழந்தை வேண்டிய பையனுக்குப் போட்டிருக்கிறார்கள்!

ஊசியை நிறுத்தி மருத்துவம் பார்த்துவருகிறான். பெரும்பாலோருக்கு விந்தணு திரும்பிவிடும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகலாம் என்றிருக்கிறார்கள்.

உண்மையான குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த மருந்து அவசியம், அதை நான் மறுக்கவில்லை. அவர்களிலும் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு விந்தணுவைக் கெடுக்காத வேறு மருந்துகள் இருக்கின்றன, கேளுங்கள். ஏற்கெனவே ஊசியில் இருப்பவர்கள் பயந்துபோய் நீங்களாகவே நிறுத்தாமல் நாளமில்லாச் சுரப்பி நிபுணரையோ ஆண் மலட்டுத்தன்மை பார்க்கும் யூராலஜிஸ்டையோ பாருங்கள். ரத்தம் கெட்டிப்படுகிறதா என்று ஹீமட்டோகிரிட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மருந்தின் பெயரும் அளவும் எழுதிய சீட்டு, ஒவ்வொரு ரிப்போர்ட்டின் நகல் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வையுங்கள். மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கும்போது எங்களுக்கு உதவியது மாலை 5.40 அச்சான அந்த ஒரு தாள்தான்.