வீட்டு வாசல் சாய்தளத்துக்குப் பதப்படுத்திய சதர்ன் பைன் மரம்: 5க்கு 4 மதிப்பெண்

அமெரிக்கத் தென் மாநிலங்களில் ஊர் மரக்கடை முதலாளி ஒருவர் காலமானால், இரங்கல் குறிப்பில் கடையோடு சர்ச் தொண்டும் சேர்ந்து வருவதுண்டு. அந்தத் தொண்டு சில நேரம் நடக்க முடியாதவர் வீட்டு வாசலில் சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் கட்டித் தருவதாக இருக்கும். சர்ச் குழுக்கள் அதற்கு அதிகம் எடுக்கும் சரக்கு, அழுகாமலிருக்கச் செம்புக் கலவையை அழுத்தத்தில் ஏற்றிய சதர்ன் பைன் மரம்.

முதலில் கணக்கு. 1 அங்குலம் ஏற 12 அங்குலம் நீளம் வேண்டும். வாசல் 24 அங்குல உயரம் என்றால் ஓட்டம் 24 அடி. கைப்பிடிகளுக்கு இடையே 36 அங்குலம் விட, தளத்தை 4 அடி அகலத்தில் போடுவது வசதி. '2க்கு 6' என்று விற்கும் பலகையின் உண்மையான அளவு ஒன்றரைக்கு ஐந்தரை அங்குலம். 6 என்று போட்டுக் கணக்கிட்டால் பாதியில் சரக்கு தீர்ந்துவிடும். பலகைகளை 4 அடித் துண்டுகளாக்கிக் குறுக்கே போட்டால் 24 அடிக்கு 53 துண்டு. 12 அடிப் பலகையில் மூன்று துண்டு விழும், ஆக 18 பலகை. கோணல் விழுவதற்கென்று இரண்டு கூடுதலாக எடுங்கள். வாசலை ஒட்டிய 5 அடி சதுர மேடைக்குத் தனிக் கணக்கு.

பலகையின் முனையில் அடித்திருக்கும் சீட்டைப் படிக்காமல் வாங்க வேண்டாம். யுசி4ஏ என்ற குறி இருந்தால் மண்ணில் படலாம். யுசி3பி தரைக்கு மேலே மட்டும். சாய்தளத்தின் அடிமுனை மண்ணை ஒட்டியே இருப்பதால், விலை சற்றுக் கூடினாலும் சட்டம், கால் எல்லாமே யுசி4ஏ எடுப்பதே புத்தி.

ஒரு மதிப்பெண் குறைத்தது முறுக்கலுக்காக. சரக்கு ஈரமாகவே வருகிறது, காயும்போது சுருங்கித் திருகும். தண்டின் மையம் முனையில் தெரியும் '4க்கு 4' அங்குலக் கால்களை ஒதுக்கிவிடுங்கள், அவைதான் அதிகம் திருகும். பழைய மரக்கடைக்காரரின் அருமை இங்கே தெரியும். அடுக்கிலிருந்து பொறுக்கிக்கொள்ள விடுவார், மறுபடி ஒழுங்காக அடுக்கிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். பட்டியலைக் காட்டினால் விட்டுப்போனதையும் சொல்வார். பெரிய சங்கிலிக் கடையில் பலகைக்குச் சில காசு மிச்சமாகலாம், இந்தக் கண் கிடைப்பது அபூர்வம்.

ஈரப் பலகைகளை இடைவெளி விடாமல் நெருக்கி அடியுங்கள், காய்ந்ததும் இடைவெளி தானே வரும். வளைந்த சட்டத்தின் முதுகு மேலே இருக்கட்டும். மரத்திலுள்ள செம்பு சாதாரண ஆணியை அரித்துவிடும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததோ துருப்பிடிக்காத எஃகோதான் தாங்கும், மின்முலாம் பூசிய மலிவு ஆணி இதற்கு ஆகாது. அறுத்த முனையில் காப்பர் நாஃப்தனேட் என்ற செம்பு மருந்தைத் தடவ வேண்டும், உள்மரம் வரை மருந்து போயிருக்காது. காலின் அறுத்த முனையை மேலே வைத்து, அறுக்காத முனையை மண்ணில் இறக்குங்கள்.

துண்டுகளை அடுப்பில் எரிக்கக் கூடாது. 2004க்கு முந்தைய சாய்தளத்தைப் பிரித்தால் கூடுதல் கவனம் தேவை, அப்போதைய மருந்தில் ஆர்சனிக் இருந்தது.

சாயம் பூச அவசரம் வேண்டாம். மேலே தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உருண்டு நின்றால் இன்னும் காயவில்லை, உறிஞ்சினால் பூசலாம். நிழல் விழும் இடமென்றால் சொரசொரப்புப் பட்டையும் ஒட்டிவிடுங்கள், மழைக்காலப் பாசியில் சக்கரம் வழுக்கும்.