புராஸ்டேட் புற்றுநோய்: அறுவையா, கதிர்வீச்சா, கண்காணிப்பா?

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பியான புராஸ்டேட்டில் புற்றுநோய் இருக்கிறது, ஆனால் வெளியே பரவவில்லை என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "ஆபரேஷன் எப்போது?" அந்த அவசரம் புரிகிறது. ஆனால் இந்த நோயில் பெரும்பாலும் யோசிக்க நேரம் இருக்கிறது.

மூன்று வழிகளையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது பிரிட்டனின் புரொடெக்ட் ஆய்வு. 1999 முதல் 2009 வரை, 50 முதல் 69 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனை செய்து, நோய் தெரிந்தவர்களில் சம்மதித்த 1,643 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். டாக்டரே ஆளைத் தேர்ந்தெடுத்தால் திடகாத்திரமானவர்கள் அறுவை சிகிச்சைப் பக்கம் போய்விடுவார்கள், ஒப்பீடும் கோணலாகிவிடும். அதனால்தான் குலுக்கல்.

2023-இல் வெளியான 15 ஆண்டுக் கணக்கில், இந்த நோயால் இறந்தவர்கள் கண்காணிப்பில் 3.1 சதவீதம், அறுவையில் 2.2, கதிர்வீச்சில் 2.9. இவ்வளவு சின்ன இடைவெளியை வைத்து ஒன்று மற்றதைவிட உயிர் காக்கும் என்று சொல்ல முடியாது.

நோய் பரவியதில் வித்தியாசம் உண்டு. கண்காணிப்பில் 9.4 சதவீதம் பேருக்குப் பரவியது; மற்ற இரண்டிலும் ஏறக்குறைய 5. இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பரவினால் ஹார்மோனை அடக்கும் ஊசி வரும், கூடவே உடல் சூடேறி வியர்ப்பது, எலும்பு பலவீனமாவது எல்லாம் வரும்.

அப்புறம் அன்றாட வாழ்க்கை. என்னைப் பொறுத்தவரை முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். அறுவைக்குப் பின் ஆறாவது மாதத்தில் 46 சதவீதம் பேர் சிறுநீர்க் கசிவுக்குப் பேட் வைத்திருந்தார்கள். மற்ற இரண்டிலும் 5 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்தும் அறுவையில் 17 சதவீதம் பேருக்கு அது தேவைப்பட்டது. அதே ஆறாவது மாதத்தில், உடலுறவுக்குப் போதுமான விறைப்பு இருந்தவர்கள் கண்காணிப்பில் 52, கதிர்வீச்சில் 22, அறுவையில் 12 சதவீதம். சிகிச்சைக்கு முன்பு இது 67. கதிர்வீச்சின் தொல்லை வேறு பக்கம்: மலத்தில் ரத்தம், மலக் கசிவு.

கண்காணிப்பு என்றால் சும்மா இருப்பது இல்லை. புரொடெக்டில் அந்தப் பிரிவினரில் 61 சதவீதம் பேர் 15 ஆண்டுகளுக்குள் அறுவைக்கோ கதிர்வீச்சுக்கோ மாறினார்கள். அன்று பெரும்பாலும் பிஎஸ்ஏ அளவை நம்பியே கவனித்தார்கள். இன்று எம்ஆர்ஐயும் மறு பயாப்சியும் (திசுப் பரிசோதனை) சேர்ந்திருப்பதால் நோய் முற்றுவதை முன்கூட்டியே பிடிக்க வாய்ப்பு அதிகம்.

நோய் முற்றிப் பரவும் வாய்ப்பை வைத்து டாக்டர்கள் அதை ஆபத்து வகைகளாகப் பிரிப்பார்கள். குறைந்த ஆபத்து வகை என்றால் நான் கண்காணிப்பைத்தான் சொல்வேன். நடுத்தர ஆபத்து என்றால் சிகிச்சைப் பக்கம் சாய்வேன். அதிலும், ஏற்கெனவே சிறுநீர் அடைப்பு இருப்பவருக்கு அறுவை பொருந்தலாம். பெருங்குடல் அழற்சி இருப்பவர் கதிர்வீச்சுக்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். அதிக ஆபத்து வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே காத்திருப்பது தவறு.

பயாப்சி அறிக்கையில் கிளீசன் எண் (புற்றுநோய்ச் செல்கள் எவ்வளவு தீவிரமானவை என்று காட்டும் எண்) என்ன என்று முதலில் பாருங்கள். அதை வைத்துக்கொண்டு அறுவை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர் இருவரையும் தனித்தனியே சந்தித்துவிட்டுத் தேதி குறியுங்கள்.