ஹைடாடிட் கட்டி: எந்தப் பூச்சி மாத்திரை, எவ்வளவு நாள்?

மேச்சேரியில் செம்மறி வளர்க்கும் எங்கள் பெரியப்பாவுக்குக் கல்லீரலில் ஹைடாடிட் என்ற நீர்க்கட்டி என்று ஸ்கேனில் வந்தது. நாலு சென்டிமீட்டர், உள்ளே வெறும் தண்ணீர். சேலத்து டாக்டர் கொடுத்த சீட்டைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, பள்ளிக்கூடத்துல பசங்களுக்குக் குடுக்கிற பூச்சி மாத்திரைதானே இது?" என்றார். அதே ஆல்பெண்டசோல்தான். பசங்களுக்குக் குடற்புழு நீக்க நாளான பிப்ரவரி 10ஆம் தேதி ஒரே ஒரு 400 மில்லிகிராம். இவருக்குத் தினம் இரண்டு மாத்திரை, அதுவும் மூன்று முதல் ஆறு மாதம் வரை.

ஏன் இத்தனை? அறுத்த ஆட்டின் ஈரலைத் தின்ற நாயின் குடலில் வளரும் எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் முட்டை நம் வாய்க்குள் போனால் வருவது இது. நமக்குள் புழு குடலில் இருப்பதில்லை, கல்லீரலிலோ நுரையீரலிலோ கட்டிக்குள் பதுங்கியிருக்கிறது. மருந்து ரத்தத்தில் ஏறி, கட்டியின் சுவரையும் தாண்ட வேண்டும்.

மெபெண்டசோல் என்ற இன்னொரு பூச்சி மருந்து தோற்பது இங்கேதான். இந்த நோய்க்கு முதலில் வந்தது அதுதான், ஆனால் குடலைத் தாண்டி ரத்தத்தில் ஏறுவது மிகக் கொஞ்சம். கிலோவுக்கு 40 முதல் 50 மில்லிகிராம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 100 மில்லிகிராம் மாத்திரையாகக் கணக்கிட்டால் நாளைக்கு 24 முதல் 30! யார் விழுங்குவது? ஆல்பெண்டசோல் கிடைக்காதபோதோ ஒத்துக்கொள்ளாதபோதோதான் அதைத் தேட வேண்டும்.

ஆல்பெண்டசோலும் சுலபமாக ஏறிவிடாது. பூச்சி மருந்து என்றாலே வெறும் வயிற்றில் என்பது நம் வீட்டுப் பழக்கம். இங்கே அது தப்பு. எண்ணெய், நெய் சேர்ந்த சாப்பாட்டோடு போட்டால் ஐந்து மடங்கு வரைகூட ரத்தத்தில் ஏறும். பெரியப்பா முதல் பத்து நாள் விடிகாலைக் கடுங்காப்பியோடு விழுங்கியிருக்கிறார்! கல்லீரல் நொதி கூடலாம், வெள்ளணு குறையலாம், முடி கொட்டலாம். அதனால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை உண்டு. கர்ப்பிணிகளுக்கு, அதிலும் முதல் மூன்று மாதத்தில், கொடுப்பதைத் தவிர்ப்பார்கள்.

பிராசிகுவாண்டெல் என்ற மூன்றாவது பூச்சி மருந்து தனி ஆட்டக்காரர் அல்ல. அறுவை சிகிச்சையை ஒட்டி ஆல்பெண்டசோலுக்குத் துணையாகச் சேர்ப்பதுண்டு, அவ்வளவுதான்.

ஆனால் மருந்தின் பெயரைவிடக் கட்டியின் பருவம்தான் பெரிது என்பேன். ஐந்து சென்டிமீட்டருக்குள், ஒரே அறையாக இருந்தால் மாத்திரை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். அதைவிடப் பெரிதென்றால் ஊசியால் நீரை உறிஞ்சி, உள்ளே கிருமி கொல்லும் திரவம் விட்டு எடுக்கும் முறை உண்டு. நீர் வயிற்றுக்குள் சிந்தினால் கடும் ஒவ்வாமை வரலாம், புதுக் கட்டிகளும் முளைக்கலாம். ஆகவே அதற்கு முன்னும் பின்னும் ஆல்பெண்டசோல். உள்ளே குட்டிக் கட்டிகள் நிறைந்திருந்தால் மாத்திரை பெரும்பாலும் திணறும், கத்திதான்.

பெரியப்பாவின் சந்தைக் கூட்டாளி ஒருவருக்குக் கட்டி சுண்ணாம்பு படிந்து கெட்டியாகவே போயிருந்தது. அதற்கு மாத்திரையும் இல்லை, கத்தியும் இல்லை. அவ்வப்போது ஒரு ஸ்கேன், அவ்வளவே. "பீசை வாங்கிக்கிட்டு ஒரு மருந்துகூட எழுதல" என்று அவர் இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார்.