மரத்துக்காக வீட்டை இடிக்க வருகிறவர்கள்: பழைய மட்டப்பா வீட்டுக்காரர்கள் கவனத்துக்கு

"இடிப்புக் கூலி வேண்டாம் அண்ணாச்சி, மரத்த மட்டும் எங்களுக்கு விட்ருங்க. மேக்கொண்டு இருவதாயிரம் நாங்க தாரோம்." நெல்லை டவுன் பக்கம் ஒரு வளவு வீட்டில் (பொதுச்சுவரோடு ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று) வீட்டை இடிக்க வந்தவர்கள் இப்படித்தான் பேசி முடித்தார்கள். நாலே நாளில் தேக்கு நிலை, கதவு, தார்சாவின் (முன்கூடத்தின்) கூரைக் கட்டைகள் எல்லாம் லாரி ஏறின. ஐந்தாம் நாள் ஆளைக் காணோம். பாதி மட்டப்பா, அதாவது மரக்கட்டைகள் தாங்கும் தட்டைக் கூரை, தொங்குகிறது. போன் போட்டால், "மண்ணு அள்ளுதது பேச்சுல இல்லல்லா" என்கிறார்கள்.

பணம் போனதைவிட மோசம், அவர்கள் கழற்றிய வரிசை. காசாகிற மரத்தை முதலில் உருவினார்கள். அந்த மரம்தான் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. கட்டைக்கு மேல் சிறுசெங்கல், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், கடைசியில் தட்டோடு. அரையடி கனமென்றால் 100 சதுர அடிக்குச் சுமார் 2.5 டன். மழையில் ஊறினால் இன்னும் கூடும்.

முறை நேர் எதிரானது. கட்டடம் இடிப்பதற்கான இந்தியப் பாதுகாப்புத் தரநிலையான ஐ.எஸ். 4130 சொல்வதும் மேலிருந்து கீழே என்றுதான். முதலில் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்துக் கம்பத்திலேயே இணைப்பைத் துண்டியுங்கள். ஃபியூஸைப் பிடுங்கினால் போதாது. மட்டப்பாவின் அடியில் முட்டு கொடுத்த பிறகே மேலே ஆள் ஏற வேண்டும். மூன்று கட்டைகளுக்காவது குறுக்கே கிடக்கும் பலகையில் நின்று, படிக்கட்டுக்கு எதிர் மூலையிலிருந்து பின்வாங்கியபடி காரையைப் பெயர்க்க வேண்டும். பெயர்த்ததை அங்கேயே குவிக்கக் கூடாது. மட்டப்பா இடியும்போது கட்டை நடுவில் உடைவதைவிட நுனியில் நழுவுவதுதான் அதிகம். சுவருக்குள் இருக்கும் நுனியைச் செல் (கரையான்) தின்றிருப்பது வெளியே தெரியாது. ஆகவே பாரம் இறங்கியபின் ஒவ்வொரு கட்டையையும் இரு முனையிலும் கயிறு கட்டி இறக்குங்கள். பிறகு சுவர், வரிவரியாக. நிலையும் ஜன்னலும் அதன் மேற்சுவர் இறங்கிய பிறகுதான். பின்னாளில் சேர்த்த கான்கிரீட் சன்ஷேடு, தன்மேல் நிற்கும் சுவரின் பாரத்தில்தான் கவிழாமல் நிற்கிறது. முட்டில்லாமல் அந்தச் சுவரை எடுத்தால் ஆளோடு கவிழும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் நின்ற வீடென்றால் சுவரின் அடி மூன்றடியைக் கம்பியால் குத்திப் பாருங்கள். மண்சாந்து உதிர்ந்தால் ஜேசிபியைப் பக்கத்தில் விடாதீர்கள். வளவில் பொதுச்சுவர் வேறு: அடுத்த வீட்டுக் கட்டையும் அதில்தான் உட்கார்ந்திருக்கும். அவர் பக்கமும் முட்டு வேண்டும், அந்தச் செலவு யாருடையது என்பதும் முன்கூட்டியே பேச வேண்டியது.

இடித்த மண் அள்ளுவதை யூனிட் கணக்கில் (ஒரு யூனிட் 100 கன அடி) எழுதி வாங்குங்கள். 100 சதுர அடி மட்டப்பா 50 கன அடி. உதிர்ந்தால் ஏறக்குறைய முக்கால் யூனிட். சுவர் தனி. கடைசிச் சுவர் இறங்கும்வரை மரம் வாசல் தாண்டக் கூடாது என்றும் எழுதுங்கள். நிலை, கதவு, கட்டை ஒவ்வொன்றையும் எண்ணிப் போட்டோ எடுத்து ஒப்பந்தத்தோடு சேருங்கள். டவுன் வீட்டுக்காரரிடம் எத்தனை கட்டை போனது என்று போலீஸ் ஸ்டேஷனில் கேட்டபோது, சொல்ல அவரிடம் கணக்கே இல்லை.