ஃபோர்டு 8என் டிராக்டருக்கான 12 வோல்ட் மாற்றுத் தொகுப்பு: மூன்று ஒயர் ஆல்டர்னேட்டர் உள்ளதையே வாங்குங்கள்

1947 முதல் 1952 வரை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்ட ஃபோர்டு 8என் டிராக்டர், ஆலையிலிருந்து வெளிவந்தபோது 6 வோல்ட் பேட்டரியும் டைனமோவும் கொண்டதாக, பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் எர்த் செய்யப்பட்டதாக இருந்தது. ஒஹாயோவில் எங்கள் சிறு நிலத்தில் புல் வெட்டவும் வண்டி இழுக்கவும் இன்றும் உழைக்கும் அத்தகைய ஒரு டிராக்டரை 12 வோல்ட்டுக்கு மாற்ற, ஆல்டர்னேட்டர் (டைனமோவுக்குப் பதிலாக மின்சாரம் உண்டாக்குவது), அதை எஞ்சினில் பிடித்து நிறுத்தும் இரும்புத் தாங்கி, பெல்ட், பொறிக்கான உயர் வோல்ட்டேஜ் தரும் இக்னிஷன் காயில், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு, ஒயர்கள் அனைத்தும் ஒரே பெட்டியில் வரும் தொகுப்பு ஒன்றை வாங்கினேன். விற்றவரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏறத்தாழ இதே பொருள்களைப் பலரும் விற்கிறார்கள் என்பதால், பெட்டிக்குள் எது இருக்க வேண்டும், எதைச் சரிபார்த்துப் பொருத்த வேண்டும் என்பதே வாங்குபவருக்குப் பயன்படும்.

முதலில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 6 வோல்ட் அமைப்பே பலவீனமானது என்று பலரும் சொல்வது முழு உண்மையன்று. ஒரே அளவு திறனைத் தர 6 வோல்ட்டில் இரு மடங்கு மின்னோட்டம் ஓட வேண்டியிருப்பதால், கார்களுக்கான மெல்லிய பேட்டரி கேபிளைப் போட்டு, துருவேறிய இடத்தில் எர்த் கொடுத்தால் செல்ஃப் மோட்டார் முனகத்தான் செய்யும். தடித்த கேபிளும் சுரண்டிச் சுத்தம் செய்த எர்த்தும் கொடுத்தால் அதே டிராக்டர் குளிர்காலத்திலும் எழுந்து ஓடும். ஆகவே ஸ்டார்ட் ஆகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இந்தத் தொகுப்பை வாங்க நினைப்பவர் முதலில் கேபிளை மாற்றிப் பார்க்கட்டும். இரவு வேலைக்குப் பிரகாசமான விளக்கு, தெளிப்பான் பம்பு, எந்தக் கடையிலும் கிடைக்கும் பேட்டரி ஆகியவை வேண்டுமென்றால் 12 வோல்ட்டுக்கு மாறுவது நியாயமானது.

தொகுப்பின் இதயம் டெல்கோ ரெமி 10எஸ்ஐ வகை ஆல்டர்னேட்டர். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1970களில் தன் கார்களில் பரவலாகப் பொருத்திய இந்த வகையில், பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பாமல் துண்டிக்கும் பழைய கட்டவுட் பெட்டிக்கு வேலையில்லை. வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிறது. பின்புறத்தில் பேட்டரிக்குச் செல்லும் தடித்த முனை ஒன்றும், 1, 2 என்று எண்ணிட்ட இரண்டு தட்டை முனைகளும் உண்டு; ஆக மூன்று ஒயர். 2ஆம் முனை பேட்டரியின் வோல்ட்டேஜை ரெகுலேட்டருக்குச் சொல்லும் உணர்வு ஒயருக்கானது. 1ஆம் முனை, சாவியைத் திருப்பியவுடன் உள்ளே சுழலும் ரோட்டரின் காந்தச் சுருளுக்குச் சிறிது மின்சாரம் கொடுத்து மின்னேற்றத்தைத் தொடங்கி வைப்பது. இதே உருவத்தில் ஒற்றை ஒயர் ஆல்டர்னேட்டர் என்று ஒரு வகையும் விற்கிறார்கள். அதில் தடித்த ஒயர் ஒன்றை மட்டும் இணைத்தால் போதும் என்பதால், வேலை எளிது என்று பலர் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த டிராக்டருக்கு அது பொருந்தாத தேர்வு என்பது என் உறுதியான கருத்து. ஒற்றை ஒயர் வகை, ரோட்டரில் எஞ்சியிருக்கும் காந்தத்தை நம்பித் தானே விழித்துக்கொள்ள வேண்டியிருப்பதால், அதற்கு ஒரு குறைந்தபட்ச வேகம் தேவை. 8என் எஞ்சினோ வேலை செய்யும்போதுகூட நிமிடத்துக்கு 2,000 சுற்றைத் தாண்டாதது. ஐடிலில் 400, 500 சுற்றில் மெல்லத் துடிப்பது. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்தபின்னும் ஆக்சிலரேட்டரை உயர்த்தி ஆல்டர்னேட்டரை எழுப்ப வேண்டிய நிலையில், சற்று தூரம் ஓட்டி நிறுத்தி மீண்டும் ஸ்டார்ட் செய்யும் பண்ணை வேலைக்கு அது ஒத்துவராது. மூன்று ஒயர் வகை எனக்கு வந்த தொகுப்பில் இருந்தது. எஞ்சின் எழுந்த கணத்திலேயே ஆம்ப் மீட்டர் முள் மின்னேற்றப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

உணர்வு ஒயரை 2ஆம் முனையிலிருந்து அருகிலுள்ள தடித்த முனைக்கே குட்டையாக இணைத்துவிடலாம் என்று வழிகாட்டித் தாள் சொல்கிறது. ஒயர்கள் நீளமில்லாத டிராக்டரில் அது போதும். அந்தத் தடித்த முனையிலிருந்து ஆம்ப் மீட்டருக்குச் செல்லும் ஒயர் மட்டும் 10 கேஜ் என்ற தடிமனைவிட மெல்லியதாக இருக்கக் கூடாது, ஏனெனில் 60 ஆம்பியர் அளவுக்குத் தரக்கூடிய ஆல்டர்னேட்டர், தீர்ந்துபோன பேட்டரியைக் கண்டதும் கிடைக்கும் வழியிலெல்லாம் மின்சாரத்தைத் தள்ளும். இதே காரணத்துக்காக, முற்றிலும் இறங்கிய பேட்டரியைத் தனியாகச் சார்ஜ் செய்துவிட்டு மாட்டுவது நல்லது.

மிகுந்த கவனம் கேட்பது 1ஆம் முனையின் ஒயர். அது சாவியின் வழியாக வர வேண்டும்; சாவியின் அதே முனையிலிருந்துதான் இக்னிஷன் காயிலுக்கும் மின்சாரம் செல்கிறது. இரண்டையும் நேராக இணைத்துவிட்டால், சாவியை அணைத்தபின்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஆல்டர்னேட்டர் 1ஆம் முனை வழியாகப் பின்னோக்கி மின்சாரம் அனுப்பி, காயிலை உயிரோடு வைத்திருக்கும், எஞ்சின் நிற்காது. இதைத் தடுக்கத் தொகுப்பில் ஒரு டயோடு கொடுத்திருக்கிறார்கள். அதன் கோடு போட்ட முனை ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்க வேண்டும். எனக்கு வந்ததில் டயோடைக் கறுப்பு உறைக்குள் மூடி, எந்தப் பக்கம் எது என்று அடையாளமிடாமல் அனுப்பியிருந்தார்கள். மல்டிமீட்டர் இல்லாதவர் இதைத் திருப்பிப் போட்டால் ஐடிலில் மின்னேற்றம் தொடங்காது. வேகமெடுத்துத் தொடங்கிவிட்டாலோ சாவியை அணைத்தும் எஞ்சின் நிற்காது. விற்பவர் ஓர் அம்புக்குறி வரைந்திருந்தால் தீர்ந்துபோகும் குறை இது.

நான் டயோடை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு வாட் அளவுள்ள 12 வோல்ட் இழை பல்பு ஒன்றைப் போட்டேன். அதையே மற்றவர்களுக்கும் பரிந்துரைப்பேன். சாவி போட்டு எஞ்சின் ஓடாதபோது பல்பு எரியும். மின்னேற்றம் தொடங்கியதும் பல்பின் இரு பக்கமும் ஒரே வோல்ட்டேஜ் ஆகிவிடுவதால் அணைந்துவிடும். சாவியை அணைக்கும்போது பின்னோக்கி வரும் மின்சாரத்தைப் பல்பின் தடை மட்டுப்படுத்துவதால் காயிலுக்குப் பொறி உண்டாக்கும் அளவு கிடைக்காது. எல்இடி விளக்கு இதற்கு உதவாது, ஏனெனில் ரோட்டரைத் தூண்டும் அளவு மின்னோட்டம் அதன் வழியே செல்லாது. இந்தப் பல்பால் இன்னொரு நன்மையும் உண்டு. 1950க்கு முந்தைய 8என்களில், பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் சதுரக் காயிலும் எஞ்சினின் முன்முகத்தில் இருக்கும். எஞ்சின் நின்றிருக்க, காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட் மூடியிருக்க, சாவியை அணைக்க மறந்தால் காயில் கொதித்து உள்ளே இருக்கும் தார் உருகி ஒழுகும். எரியும் பல்பு அதை நினைவூட்டிவிடுகிறது.

காயில் விஷயத்தில் தொகுப்பு விற்பவர்கள் இன்னும் தெளிவாகப் பேச வேண்டும். பழைய 6 வோல்ட் காயிலின் முதன்மைச் சுருள் ஒன்றரை ஓம் என்று வைத்துக்கொண்டால், 6 வோல்ட்டில் அதன் வழியே 4 ஆம்பியர் ஓடும். அதையே 12 வோல்ட்டில் மாட்டினால் 8 ஆம்பியர் ஓடிப் பாயின்ட் கருகும், காயிலும் சாகும். ஆகவே மொத்தத் தடை மூன்று ஓம் அளவுக்கு வர வேண்டும். 12 வோல்ட் காயில் மூலமாக வரலாம், அல்லது பழைய காயிலோடு தொடராக ஒரு தடை சேர்ப்பதன் மூலமாக வரலாம். முன்முக டிஸ்ட்ரிபியூட்டர் கொண்ட டிராக்டரில் டேஷ்போர்டின் பின்னால் ஆலையே பொருத்திய தடை ஒன்று ஏற்கெனவே உண்டு. அதைக் கழற்றிவிடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். பக்கவாட்டு டிஸ்ட்ரிபியூட்டர் கொண்ட பிந்தைய டிராக்டரில் உருளைக் காயில். அதில் வெளித்தடை தேவையில்லாத வகையா, தேவைப்படும் வகையா என்பதைப் பெட்டியின் எழுத்தை நம்பாமல் ஓம் மீட்டர் வைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு. இந்த மாற்றத்தில் பாசிட்டிவுக்குப் பதிலாகப் பேட்டரியின் நெகட்டிவ் முனை எர்த் ஆகிவிடுவதால், உருளைக் காயிலின் நெகட்டிவ் முனை இனி டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்ல வேண்டும்.

செல்ஃப் மோட்டாரை மாற்றத் தேவையில்லை. ஃபீல்டு சுருளும் ஆர்மேச்சரும் தொடராக அமைந்த மோட்டார் என்பதால், துருவம் மாறினாலும் அதே திசையில்தான் சுழலும். 12 வோல்ட்டில் வேகமாகச் சுழலும், ஆகவே பொத்தானை நீண்ட நேரம் அழுத்திப் பிடிக்கக் கூடாது. செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான சொலினாய்டை மட்டும் 12 வோல்ட் வகைக்கு மாற்ற வேண்டும். இங்கே கவனம் தேவை: 8என்னின் ஸ்டார்ட் பொத்தான் சொலினாய்டின் சிறு முனையை எர்த் செய்துதான் அதை இயக்குகிறது. சிறு முனைக்கு 12 வோல்ட் கேட்கும் கார் சொலினாய்டை மாட்டினால் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. தொகுப்பில் சொலினாய்டு சேர்க்கப்படவில்லை என்பது எனக்குக் குறையாகவே பட்டது. ஆம்ப் மீட்டரின் இரு ஒயர்களையும் இடம் மாற்றினால் முள் சரியான பக்கம் காட்டும். விளக்குகளின் பல்புகளை 12 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும்.

தாங்கிதான் தொகுப்பின் பலவீனமான பகுதி. இரும்பு தடிமனாகவே இருக்கிறது, ஆனால் ஆல்டர்னேட்டர் புல்லி எஞ்சின் புல்லியோடு ஒரே கோட்டில் வரவில்லை. வாஷர்கள் சேர்த்துத்தான் நேராக்க முடிந்தது. இதே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் ஃபேனையும் சுற்றுகிறது என்பதால், கோணலாக ஓடித் தேயும் பெல்ட் மின்னேற்றத்தோடு எஞ்சினின் குளிர்ச்சியையும் கெடுத்துவிடும். நேர்விளிம்புள்ள பட்டை ஒன்றைப் புல்லிகளின் முகத்தில் வைத்துப் பார்க்காமல் போல்ட்டை முறுக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்தபின் பேட்டரி முனைகளில் அளந்தபோது, ஐடிலைவிடச் சற்றே கூடிய வேகத்தில் 14.2 வோல்ட் காட்டியது. இரு விளக்குகளும் எரியும்போதும் அது இறங்கவில்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டும் அடுத்தவர் பழைய பழக்கத்தில் பாசிட்டிவை எர்த் செய்துவிட்டால், ஆல்டர்னேட்டரின் டயோடுகள் அந்த நொடியே எரிந்துவிடும் என்பதால், பேட்டரித் தட்டின் மேல் "12 வோல்ட், நெகட்டிவ் எர்த்" என்று பெயின்டால் எழுதி வைத்திருக்கிறேன். பிற்காலத்தில் ஆல்டர்னேட்டர் பழுதானால் அமெரிக்காவின் எந்த ஊர் உதிரிபாகக் கடையிலும் 10எஸ்ஐ கிடைக்கும். பிரஷ், ரெகுலேட்டர் போன்றவற்றைத் தனியாக வாங்கி மாற்றவும் முடியும். கடையில் கேட்கும்போது, 1, 2 முனைகளின் செருகி பின்புறத்தில் கடிகாரத்தின் எந்த மணி இடத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்லிக் கேளுங்கள், ஏனெனில் 3, 6, 9, 12 மணி என்று நான்கு விதமாகவும் இந்த உறை உண்டு. தவறான விதத்தை வாங்கினால் ஒயர் எட்டாது, அல்லது செருகி எஞ்சின் உடம்பில் இடிக்கும்.