பூநாரையைப் படம் எடுக்க நிக்கான் 200-500 மி.மீ. ஜூம் லென்ஸ் போதுமா?

தாராளமாகப் போதும். தை, மாசியில் தனுஷ்கோடி சாலையில் கோதண்டராமர் கோயில் பக்கம் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் எட்டத்தான் நிற்கும், கிட்டே போனால் கூட்டமே எழுந்துவிடும், அதனால் சாலையோரம் இருந்தபடியே 500-இல் வைத்து எடுத்தால், அலகைத் தலைகீழாகச் சேற்றில் விட்டு அளைவதும் அதிலிருந்து சொட்டும் தண்ணீரும் கூடத் தெளிவாக விழுகிறது. எடை 2.3 கிலோ, ஒற்றைக்கால் ஸ்டாண்ட் இல்லாவிட்டால் தோள்பட்டை போச்சு!

வெயில் ஏறிவிட்டால் கானலில் படம் நெளியும், அதற்கு லென்ஸைத் திட்டிப் பயனில்லை, சீக்கிரம் எழுந்து போங்கள். மணல் காற்றில் லென்ஸைக் கழற்றி மாட்டவே மாட்டாதீர்கள். கடலும் வானமும் எடுக்கக் கைபேசியே போதும். அப்புறம், காரங்காடு அலையாத்திக் காட்டுக்குள் படகில் போவதானால் இது வேண்டாம், அந்த ஆட்டத்துக்கு சின்ன 70-300 லென்ஸ் தான் தோது.