எலக்ட்ரான் எங்கே இருந்தது? மூன்று விளக்கங்களில் நான் எடுத்துக்கொண்டது

அவிநாசிப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். எலக்ட்ரான்களை இரண்டு குறுகிய பிளவுகள் வழியாக அனுப்பி, பின்னால் உள்ள திரையில் எங்கே விழுகின்றன என்று பார்க்கும் இரட்டைப் பிளவுச் சோதனையைப் பலகையில் வரைந்து முடித்த ஒரு சாயங்காலம், முன்வரிசையில் இருந்த பெண் கேட்டாள்: "ஏனுங் சார், திரையில புள்ளியா விழறதுக்கு முன்னால அந்த எலக்ட்ரான் எங்கீங்க இருந்துச்சு?"

"அப்படிக் கேக்கக் கூடாது கண்ணு" என்றேன். வருடக்கணக்காக நான் சொல்லிவந்த பதில்தான். அவள் அதையே நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டாள். எனக்கு உறுத்தியது அந்தக் கோடுகள்தான். கணக்குக்கு விடை சொல்லலாம், வழி கேட்கக் கூடாது என்று சொல்கிற வாத்தியாராக எனக்கே நான் தெரிந்தேன்.

சோதனையில் யாருக்கும் சண்டை இல்லை. 1989இல் ஜப்பானில் டோனோமுராவின் குழு எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பிப் படம் பிடித்தது. ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகத்தான் விழுகிறது. ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு பார்த்தால் வரி வரியாக அலைக்கோலம். நடுவில் என்ன நடந்தது என்பதில்தான் தகராறு. அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் மூன்றை எடுத்துக்கொண்டேன். மூன்றும் ஒரே எண்களைத்தான் தருகின்றன. ஆகவே சோதனை செய்து ஒன்றைக் கழித்துக்கட்ட முடியாது.

கோபன்ஹேகன் விளக்கம் எல்லாருக்கும் தெரிந்தது. நீல்ஸ் போர், ஹைசன்பர்க் வழியில் வந்தது. துகளைக் குறிக்கும் கணித அலையான அலைச்சார்பு, அது எங்கே அகப்படலாம் என்ற நிகழ்தகவை மட்டும் சொல்லும், அளந்ததும் அது குலைந்து ஒரு விடை நிற்கும். பாடப்புத்தகம் இதுதான், பரீட்சையும் இதுதான். விற்கப் போனால் விலை போவது இது ஒன்றே.

பல உலக விளக்கத்தை 1957இல் ஹியூ எவரெட் கொண்டுவந்தார். குலைவது என்பதே கிடையாது, நடக்கக்கூடியது எல்லாம் நடக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு கிளையில். அலை எப்படி மாறும் என்று சொல்லும் சமன்பாட்டில் கூடுதலாக ஒரு எழுத்துகூட வேண்டாம் என்பது இதன் அழகு. ஆனால் எல்லாமே நடக்கிறது என்றால் 'எழுபது சதவீத வாய்ப்பு' என்பதற்கு என்ன பொருள்? இதற்கு எழுதப்பட்ட பதில்களில் சிலவற்றைப் படித்தேன். படிக்கும்போது சரியாக இருக்கிறது, திண்ணையில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தால் நழுவுகிறது.

நான் எடுத்துக்கொண்டது டேவிட் போம் 1952இல் வெளியிட்டது. (போர் ஒருவர், போம் ஒருவர். பிள்ளைகள் குழப்பிக்கொள்வதால் பலகையில் முழுப்பெயரையும் எழுதிவிடுவேன்.) விதை 1927இல் இயற்பியலாளர்கள் கூடிய சால்வே மாநாட்டில் பிரெஞ்சு இயற்பியலாளர் டி பிராய் போட்டது. துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. அலையும் நிஜம், அது துகளுக்கு வழிகாட்டுகிறது. துகள் ஒரு பிளவு வழியாகத்தான் போகிறது, அலை இரண்டிலும் போகிறது. சமச்சீரான அமைப்பில் மேல் பிளவில் போனது திரையின் மேல் பாதியில்தான் விழும், நடுக்கோட்டைத் தாண்டாது. அந்தப் பாதைகளை 1979இல் கணக்கிட்டு வரைந்தும் காட்டிவிட்டார்கள். இப்படி ஒன்று சாத்தியமே இல்லை என்று 1932இல் கணிதமேதை ஃபான் நாய்மன் நிரூபித்ததாக ஊரே நம்பியிருந்தது. அதில் ஓட்டை இருக்கிறது என்று கிரேட்டே ஹெர்மன் 1935இலேயே எழுதினார், காதில் வாங்கத்தான் ஆள் இல்லை.

இனி நான் முடிவெடுத்த காரணம். தோட்டத்து ஆழ்குழாய்க்கு சப்மெர்சிபிள் போடுவதா, கம்ப்ரசர் போடுவதா என்று பேச்சு வந்தபோது அப்பா விலையைக் கேட்கவில்லை. "கோளாறு வந்தா எங்க வரும்?" என்றுதான் கேட்டார். சப்மெர்சிபிளில் குழிக்குள் இருக்கும் மோட்டாரின் சுருள் எரிந்துபோனால் அறுநூறு அடி பைப்பையும் மேலே உருவ வேண்டும். கம்ப்ரசருக்குக் கரண்டு அதிகம், தண்ணீரும் விட்டு விட்டுத்தான் வரும், ஆனால் மெஷின் கண்ணெதிரே மேலே நிற்கிறது.

கோபன்ஹேகனின் கோளாறு குழிக்குள் இருக்கிறது. 'அளத்தல்' என்ற சொல்லில். எது அளப்பது? கருவியா, அதைப் பார்க்கும் ஆளா? கருவியும் அணுக்களால் ஆனதுதானே, அது ஏன் அதே சமன்பாட்டுக்குக் கட்டுப்படவில்லை? 1935இல் ஷ்ரோடிங்கர், திறந்து பார்க்கும்வரை உயிரோடா செத்ததா என்று சொல்ல முடியாத ஒரு பூனையைக் கற்பனையில் பெட்டிக்குள் வைத்துக் கேட்டது இதைத்தான். அளப்பதற்கும் அளக்கப்படுவதற்கும் நடுவில் கோடு எங்கே என்று ஒவ்வொரு சோதனைக்கும் நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பராமரிப்புக்கு முடிவே இல்லை. போமின் கணக்கில் கருவியின் முள்ளும் துகள்களின் கூட்டம். அளப்பது இன்னொரு மோதல், அவ்வளவுதான். முள் எங்கேயோ நிற்கிறது, பூனை முதலிலிருந்தே ஒரு நிலையில்தான் இருக்கிறது. தனிச்சட்டம் ஒன்றும் வேண்டாம்.

விலை இல்லாமல் இல்லை. இங்கே ஒரு துகளின் போக்கு எங்கோ தொலைவில் இருக்கும் இன்னொன்றை அந்தக் கணமே சார்ந்திருக்கிறது. முதலில் எனக்கும் இது தொண்டையில் நின்றது. அப்புறம் 1964இல் இயற்பியலாளர் ஜான் பெல் காட்டியதைப் படித்தேன்: சோதனைக்கு ஒரே ஒரு விடைதான் உண்டு என்று ஒப்புக்கொண்டால், இந்தத் தொலைதூரத் தொடர்பை லேசில் தட்டிக்கழிக்க முடியாது. பெல் சொன்னதைச் சோதித்துப் பார்த்த ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல் கிடைத்தது. பல உலகக்காரர்கள் 'எங்களுக்கு ஒரே விடை கிடையாதே' என்று விலகிக்கொள்ளலாம், அது நியாயம்தான். அவர்கள் போமிடம் கேட்கும் கேள்வியும் நியாயம்: துகள் போகாத கிளையிலும் அலை ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, அதை என்ன செய்வாய்? 'காலி' என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

ஐன்ஸ்டைனின் சார்பியலோடும், துகள்களைப் புலங்களாகப் பார்க்கும் புலக்கோட்பாட்டோடும் இதை இணைக்கும் முயற்சிகள் உண்டு. அவற்றை நான் பேனா எடுத்துப் போட்டுப் பார்த்ததில்லை. ஒளிவேகத்துக்குப் பக்கம் போகாத, பள்ளிக்கூடக் கணக்கில் வரும் துகள்களுக்குத்தான் என் சாட்சி.

இந்த வருடப் பிள்ளைகளுக்குப் பாதைகளையும் சேர்த்தே வரைந்தேன். "நீங்க பாத்தீங்களா சார்?" என்றான் கடைசி வரிசைப் பையன். "எந்தப் பிளவுன்னு பாக்கப் போனா வரி கலைஞ்சுரும் சாமி. ஆனா எங்கீன்னு நீ கேக்கலாம்" என்றேன். பரீட்சைக்கு மட்டும் புத்தகத்தில் இருப்பதையே எழுதச் சொல்லியிருக்கிறேன்.